பங்கசும் பற்றீரியாவும்: தீவகக் கமக்காரர் பயிர்நோயை இனங்காணும் முறை

வயலிலோ தோட்டத்திலோ பயிர் வாடினால், இலையிற் புள்ளி விழுந்தால், நாற்று அழுகிச் சாய்ந்தால், மருந்து தெளிக்க வேண்டும் என்ற எண்ணமே கமக்காரர் பலருக்கும் முதலில் எழுகின்றது. எந்த மருந்து என்ற கேள்வி அதன் பின்னரே வருகின்றது. அந்நோய் எதனால் வந்தது என்ற கேள்வியோ பல வேளைகளில் எழுவதேயில்லை. ஆயினும் முதலில் விடை காணவேண்டிய கேள்வி அதுவேயாகும். பங்கசுவை ஒடுக்கும் மருந்துகளுட் பெரும்பாலானவை பற்றீரியாவை ஒன்றுஞ் செய்வதில்லை. இரண்டையும் ஒடுக்கக்கூடிய மருந்தும் உவரினாற் கருகிய இலையைப் பச்சையாக்குவதில்லை.

இவ்வுண்மை எல்லா ஊர்க் கமக்காரருக்கும் பயன்படுவதாயினும், ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய தீவகப் பகுதிகளிற் பயிர் செய்வோர் இதனை மிகவும் கருத்திற் கொள்ளவேண்டும். இங்கே சுண்ணக்கற் பாறையின்மேல் மெல்லிய மண்ணே படிந்துள்ளது. மழையாற் கிடைக்கும் நன்னீரும் நிலத்தினடியில் உவர்நீரின்மேல் மெல்லிய படையாகவே தங்குகின்றது. தோட்டத்திற்கு இறைக்கும் நீரும் வீட்டிற்கு மொள்ளும் நீரும் அந்த ஒரே படையிலிருந்து வருவனவாகும். காரணம் அறியாது தெளிக்கும் மருந்து கைப்பொருளைக் கரைப்பதோடு, பாறை வெடிப்புகளின் வழியே குடிநீரையும் சென்றடையக்கூடும். எனவே நோயை இனங்காணக் கற்பது செலவில்லாத முதல் மருந்தாகும்.

நோய் உண்டாகும் முறை

பயிரில் நோய் தோன்றுவதற்கு மூன்று பொருள்கள் ஒருங்கே கூடவேண்டும். நோயை உண்டாக்கும் கிருமி ஒன்று. அதற்கு இடங்கொடுக்கும் பயிர் மற்றொன்று. அக்கிருமிக்கு ஏற்ற ஈரமும் வெப்பமும் மூன்றாவது. இவற்றுள் ஒன்றை நீக்கினாலும் நோய் தலைதூக்காது. மழையையும் பனியையும் நாம் தடுக்க முடியாது. ஆனால் நல்ல வித்தைத் தெரிதலும், நாற்றை நெருக்கமின்றி நடுதலும், நோயுற்ற பாகங்களை அகற்றுதலும் நமது கையிலேயே உள்ளன.

பயிர்நோய்களுக்குக் காரணமான உயிர்களுள் பங்கசு, பற்றீரியா, வைரசு, வட்டப்புழு என்பன முக்கியமானவை. மிளகாய் இலை சுருளும் நோயை வைரசும், பேன் போன்ற சிறு பூச்சிகளும், சிற்றுண்ணிகளும் உண்டாக்குகின்றன. அதற்குப் பங்கசுகொல்லி தெளிப்பதாற் பயனில்லை. இத்துண்டுப் பிரசுரத்திற் பங்கசு, பற்றீரியா ஆகிய இரண்டையும் பற்றியே விளக்கப்படுகின்றது.

பங்கசுவின் இயல்புகள்

மழைக்காலத்தில் உக்கிய மரத்தில் முளைக்கும் காளானும், பழைய பாணில் படரும் பூஞ்சணமும், பனங்கள்ளைப் புளிக்கச் செய்யும் மதுவமும் பங்கசுக்களேயாம். இவற்றிற்குப் பச்சையம் இல்லை. ஆகவே செடிகளைப்போலச் சூரிய ஒளியைக் கொண்டு தமக்குரிய உணவை ஆக்கமாட்டா. இறந்த பொருள்களை உக்கச் செய்து சில வாழ்கின்றன. உயிருள்ள செடிகளிலிருந்து உணவை உறிஞ்சிச் சில வாழ்கின்றன. முன்னவை மண்ணை வளப்படுத்தும் நண்பர்கள். பின்னவையே நோயை விளைப்பவை. இருவகை வாழ்க்கையும் வாழவல்ல பங்கசுக்களும் உள. பயிரில்லாத காலத்திலும் மண்ணிலே தங்கியிருக்கும் இவற்றை அடக்குதல் கடினம்.

பெரும்பாலான பங்கசுக்களின் உடல் தலைமயிரிலும் பன்மடங்கு மெல்லிய இழைகளால் ஆனது. இவ்விழைகள் ஒன்றோடொன்று பின்னி வலைபோலப் படரும். இனம் பெருகுதற்கு வித்திகள் என்னும் நுண்ணிய துகள்களை இவை உண்டாக்குகின்றன. வித்திகள் காற்றிலும், மழைத்துளியின் சிதறலிலும், வித்திலும், கருவிகளிலும், மனிதரின் உடையிலும் ஏறிப் பரவும். ஈரமுள்ள இலைமேல் விழுந்த வித்தி முளைவிட்டு இலைக்குள் நுழைகின்றது. சில இலைவாய்களின் வழியே செல்லும். வேறு சில இலையின் தோலையே துளைத்துச் செல்லும். காயமில்லாத செடியையும் துளைக்கும் இவ்வாற்றல் பங்கசுவின் சிறப்பியல்பாகும்.

பங்கசு ஒன்று ஒரு நாட்டின் தொழிலையே மாற்றிவிடக்கூடும் என்பதற்கு இலங்கையே சான்று. 1869ஆம் ஆண்டில் இந்நாட்டுக் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. 1880ஆம் ஆண்டில் இங்கு வந்த மார்சல் வாட் என்னும் அறிஞர், அந்நோயின் வித்திகள் காற்றினாற் பரவுவதையும், ஈரமான இலையின் கீழ்ப்புறத்திலுள்ள இலைவாய்களால் உட்புகுவதையும் விளக்கினார். ஆயினும் மலைகள் முழுவதும் காப்பி ஒன்றே நெருக்கமாக நிறைந்திருந்தமையால் நோயைத் தடுத்தல் இயலவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுள் காப்பி வீழ்ச்சியடைந்தது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. ஒரே பயிரை இடைவெளியின்றித் தொடர்ந்து செய்வோர் இதனை மறத்தலாகாது.

பங்கசுக்களின் வகுப்புகள்

முன்னாளில் அறிஞர்கள் பங்கசுக்களை நான்கு பெருவகுப்புகளாகப் பிரித்தனர். பரம்பரைப் பொருளை ஆராயும் முறைகள் வளர்ந்த பின்னர் அப்பிரிவுகள் திருத்தப்பட்டுள்ளன. கமக்காரர் அறிந்திருக்க வேண்டிய தொகுதிகள் பின்வருவன.

முதலாவது, நீர்ப்பூஞ்சணங்கள். நாற்று அடியழுகல், கீழ்ப்பூஞ்சணம், உருளைக்கிழங்கின் பின்வெளிறல் ஆகிய நோய்களின் கிருமிகள் இதில் அடங்கும். 1845ஆம் ஆண்டு தொடங்கி அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தை விளைத்தது இத்தொகுதியைச் சேர்ந்த ஒன்றேயாம். இவற்றின் வித்திகள் நீரில் நீந்தவல்லன. ஆகவே நீர் தேங்கும் நாற்றுமேடையே இவற்றின் இருப்பிடம். தோற்றத்திற் பங்கசு போன்றிருப்பினும், இவை பாசிகளின் உறவின என இன்று வேறாக வைக்கப்படுகின்றன. இது வெறும் பெயர் மாற்றமன்று. உண்மைப் பங்கசுக்களுக்கென ஆக்கப்பட்ட மருந்துகள் பல இவற்றிற் பலிப்பதில்லை.

இரண்டாவது, பாண் பூஞ்சணத் தொகுதி. மாரிக்காலத்திற் பூசணி, மிளகாய் ஆகியவற்றின் பூவையும் பிஞ்சையும் பற்றி, குண்டூசித் தலைபோன்ற கரிய முனைகளுடன் வளரும் ஈர அழுகல் இத்தொகுதியால் வருவது.

மூன்றாவது, பைவித்திப் பங்கசுக்கள். சிறு பைகளுக்குள் வித்திகளை உண்டாக்குதலால் இப்பெயர் பெற்றன. நெல்லின் எரிபந்தம், கபிலப்புள்ளி, பூசணிக் குடும்பத்தின் தூட்பூஞ்சணம், மிளகாய்ப் பழ அழுகல், வெங்காயத்தின் ஊதாப்புள்ளி, தக்காளியின் பங்கசு வாடல் என்பன இவற்றால் வருகின்றன. முன்னர் நிறைவில்லாப் பங்கசுக்கள் என்று தனியே வைக்கப்பட்டவற்றுட் பெரும்பாலானவை இத்தொகுதியைச் சேர்ந்தனவே என்று பின்னர் தெளிவாயிற்று.

நான்காவது, காளான் தொகுதி. காளான்களோடு துருநோய், கரிநோய் ஆகியவற்றின் பங்கசுக்களும் இதில் அடங்கும். நெல்லின் மடல் வெளிறலும், வெங்காயம், நிலக்கடலை, மிளகாய் ஆகியவற்றின் கழுத்தழுகலும் இத்தொகுதியின. கழுத்தழுகல் கண்ட செடியின் அடியில் வெண்ணிற இழைகளும், கடுகுமணி போன்ற கபில நிற உருண்டைகளும் காணப்படும். இவ்வுருண்டைகள் பயிரில்லாமலே மண்ணிற் பல காலம் உயிரோடு கிடக்கவல்லன.

பற்றீரியாவின் இயல்புகள்

பற்றீரியா ஒரே கலத்தாலான உயிர். ஆயிரம் பற்றீரியாக்களை நீளவாக்கில் அடுக்கினால் ஏறக்குறைய ஒன்று முதல் மூன்று மில்லிமீற்றர் நீளமே வரும். பாலைத் தயிராக்குவதும், தோசை மாவைப் புளிக்கச் செய்வதும், பயற்றின் வேர்முடிச்சில் இருந்து காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்குச் சேர்ப்பதும் நன்மை தரும் பற்றீரியாக்களின் தொழில்களாகும்.

உருவத்தால் இவை உருண்டை, கோல், சுருள் என மூவகைப்படும். பயிர்நோய் விளைப்பனவற்றுட் பெரும்பாலானவை கோலுருவின. கிராம் என்பவர் 1884ஆம் ஆண்டில் வகுத்த சாயமூட்டல் முறையாலும் பற்றீரியாக்கள் இரு பிரிவாக்கப்படுகின்றன. சாயத்தைப் பற்றிக்கொள்பவை ஒரு பிரிவு. பற்றாது விடுபவை மற்றொரு பிரிவு. பயிர்நோய்ப் பற்றீரியாக்களுட் பெரும்பாலானவை பின்னைய பிரிவின. நெல்லின் இலை வெளிறலை விளைக்கும் சந்தோமோனசு, கத்தரிக் குடும்பத்தின் வாடலை விளைக்கும் இரால்சுத்தோனியா, கிழங்கையும் வெங்காயத்தையும் நாற்றமெடுக்க அழுகச் செய்யும் எரிவீனியா இனத்தன ஆகியவை இவற்றுட் சில.

பற்றீரியா இரண்டாகப் பிளந்து பெருகும். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை பிளக்குமாயின், ஒரு பற்றீரியா ஒரு நாளில் 4,096 ஆகும். இரண்டு நாளில் 1 கோடியே 67 இலட்சத்தைத் தாண்டும். நேற்றுப் பசுமையாக நின்ற கத்தரிச் செடி இன்று தலைகவிழ்ந்து நிற்பது இதனாலேயாம்.

ஆனால் பற்றீரியாவிடம் ஒரு குறை உண்டு. காயமில்லாத தோலைத் துளைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. இலைவாய், நீர்வாய் போன்ற இயற்கைத் துவாரங்களாலும், பூச்சி கடித்த இடத்தாலும், மண்வெட்டி பட்ட வேராலும், காற்றில் உராய்ந்து கிழிந்த இலையாலுமே உட்புகும். ஆகவே செடியைக் காயப்படுத்தாது பேணுதல் பற்றீரியா நோய்க்கு நல்ல காப்பாகும். செடிக்குள் புகுந்த பின்னரோ அதைத் தீர்க்கும் மருந்து இல்லை என்றே கொள்ளவேண்டும். செம்பு கலந்த மருந்துகள் இலையின் மேற்பரப்பிலுள்ள பற்றீரியாவைக் குறைக்கும்; தண்டின் குழாய்களுக்குள் உள்ளதை எட்டமாட்டா.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

நுணுக்குக்காட்டி இல்லாமலே கமக்காரர் தாமாகச் செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் மூன்று உள.

1. கண்ணாடிக் குவளைச் சோதனை: வாடிய கத்தரி, தக்காளி அல்லது மிளகாய்ச் செடியின் அடித்தண்டை ஒரு சாண் நீளம் வெட்டுக. ஒரு கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீரை நிரப்பி, வெட்டிய முனை நீரிற் சற்று அமிழும்படி அசையாது பிடிக்க. சில நிமிடங்களில் பால்போன்ற வெண்ணூல் தண்டிலிருந்து கீழ்நோக்கி இறங்குமாயின் அது பற்றீரியா வாடலாகும். வெண்ணூல் இறங்காமல், தண்டைப் பிளந்தவிடத்துக் குழாய்கள் கபில நிறமாக மட்டும் இருப்பின் பங்கசு வாடல் என ஐயுறலாம். பங்கசு வாடலில் அடியிலைகள் முதலில் மஞ்சளாகி நோய் மெல்ல ஏறும். பற்றீரியா வாடலிற் செடி பச்சையாக இருக்கும்போதே திடீரெனத் துவளும்.

2. நெல்லிலைச் சோதனை: வெளிறிய இலையில் நோயும் பச்சையும் கூடுமிடத்தைச் சிறு துண்டாக வெட்டித் தெளிந்த நீரில் இடுக. வெட்டுவாயிலிருந்து கலங்கல் கசியுமாயின் பற்றீரியா இலை வெளிறலாகும். கசியாவிடின் உவரின் தாக்கத்தையோ வேறு காரணத்தையோ தேடுக.

3. ஈரப்பெட்டிச் சோதனை: புள்ளி விழுந்த இலையை நனைத்த தாளின்மேல் வைத்து, மூடியுள்ள பாத்திரத்தில் ஓரிரு நாள் மூடிவைக்க. புள்ளியின்மேல் மயிர்போன்ற வளர்ச்சியோ தூளோ தோன்றினாற் பங்கசு எனக் கொள்ளலாம். ஈரமான கொழகொழப்பும் துர்நாற்றமும் தோன்றினாற் பற்றீரியா அழுகல் என ஐயுறலாம்.

உவர் தாக்கத்தைப் பற்றித் தீவகக் கமக்காரர் சிறப்பாக அறிந்திருத்தல் வேண்டும். உவராற் கருகும் இடத்திற் பயிரோடு களையும் சேர்ந்து கருகும். கடற்பக்கத் தாழ்நிலத்திலும் நீர் வற்றிய பள்ளத்திலும் செடிகள் ஒருசேர வாடும். நோயோ ஓரிடத்தில் தொடங்கி நாளுக்கு நாள் சூழப் பரவும். தனக்கு ஏற்ற பயிரை மட்டுமே பற்றும்.

நெல்லின் நோய்கள்

தீவகத்தில் நெல் மழையை நம்பிய காலபோகப் பயிராகும். ஐப்பசி, கார்த்திகை மழையும் வாடைக்காற்றும், மார்கழி, தைப் பனியும் பயிரின் வெவ்வேறு பருவங்களிற் சேருதலால் நோய்களும் அவ்வப் பருவத்திற்கேற்ப வருகின்றன.

கபிலப்புள்ளி, வளங்குன்றிய மண்ணின் நோயாகும். இலையில் எள்ளளவான கபில நிறப் புள்ளிகள் பரவலாகத் தோன்றும். மணியிலும் கறை விழும். பொற்றாசியம் முதலிய ஊட்டங்கள் குறைந்து, இடையில் வறட்சியும் நேர்ந்த வயலில் இது மிகும். 1942ஆம் ஆண்டில் வங்காளத்தில் இந்நோய் நெல்லைப் பெரிதும் அழித்தது. புயலும், போர்க்கால நிருவாகக் குறைகளும், விலையேற்றமும் அதனோடு சேர்ந்து 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தை விளைத்தன. அப்பஞ்சத்தில் 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். இந்நோய்க்கு மருந்தினும் மண்வளமே சிறந்த காப்பு. ஆட்டெரு, மாட்டெரு, பச்சிலைப் பசளை என்பவற்றை இட்டு மண்ணைத் தேற்றுக.

எரிபந்தம் இதற்கு மாறானது. நைதரசன் பசளையை மிகையாக இட்டுக் கரும்பச்சையாக வளர்ந்த பயிரையே அது விரும்பும். இலையில் இரு முனையும் கூரிய, நடு சாம்பல் நிறமான புள்ளிகள் தோன்றும். கதிரின் கழுத்தைப் பற்றினால் மணி பதராகும். வித்தி முளைத்து உட்புகுதற்கு இலை எட்டுப் பத்து மணி நேரம் நனைந்திருக்க வேண்டும். பனி பெய்யும் இரவுகள் அவ்வீரத்தைத் தருகின்றன. ஆகவே யூரியாவை ஒரே முறையில் இடாது பிரித்து இடுக. பனிக்காலத்தில் யூரியாவை மிகைப்படுத்தலாகாது.

பற்றீரியா இலை வெளிறல், வாடைக்காற்றோடு கூடிய கடுமழைக்குப் பின்னர் தோன்றும். இலையின் ஓரத்திலோ நுனியிலோ அலைபோன்ற விளிம்புடன் மஞ்சட் கோடு தொடங்கி, வைக்கோல் நிறமாகக் கீழிறங்கும். நோயுள்ள வயலின் நீரை அடுத்த வயலுக்கு விடலாகாது. காலையில் இலை ஈரமாக இருக்கும்போது வயலில் இறங்கி நடத்தலும் ஆகாது.

மரக்கறிப் பயிர்களின் நோய்கள்

நாற்று அடியழுகலில் நாற்றின் அடி நூல்போல் மெலிந்து சாயும். மேட்டுப்பாத்தி அமைத்தலும், வித்தை ஐதாக விதைத்தலும், அளவோடு நீரூற்றலும் இதற்கு முதற்காப்பு. விதைக்குமுன் மேடையின்மேல் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்தல் நன்று. வெயிற்காலத்தில் ஈரமான மேடையை நிறமற்ற பொலித்தீன் தாளால் நான்கு முதல் ஆறு கிழமை இறுக மூடிவைத்தலும் கிருமியைக் குறைக்கும்.

மிளகாய்ப் பழ அழுகலிற் பழுத்த காயில் உட்குழிந்த வட்டங்கள் தோன்றும். இப்பங்கசு வித்தோடு செல்லும். நோயுற்ற பழத்திலிருந்து வித்தெடுப்பவர் அடுத்த போகத்திற்கு நோயையும் சேர்த்தே சேமித்து வைக்கின்றார்.

சின்ன வெங்காயத்தில் இலை முறுகிச் சுருண்டு கழுத்து நீளும் நோயும் அதே இனப் பங்கசுவால் வருவது. அது மழைத்துளியின் சிதறலாற் பரவுதலால், நோயுற்ற செடிகளை வேரோடு எடுத்து அழிக்க. கழுத்தழுகல் கண்ட பாத்தியில் செடியோடு சூழ்ந்த மண்ணையும் அள்ளி அகற்றுக. அப்பாத்திக்கு இறுதியில் நீர் பாய்ச்சுக. அதிலிருந்து வடியும் நீர் மற்றைய பாத்திகளிற் பாயலாகாது.

பயிரை மாற்றிச் செய்வோர் ஒரு செய்தியைக் கவனிக்க. மிளகாய், கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு, புகையிலை ஆகிய ஐந்தும் ஒரே குடும்பத்தன. மிளகாய்க்குப் பின் கத்தரியையும், கத்தரிக்குப் பின் புகையிலையையும் நடுவது பயிர்மாற்றம் ஆகாது. வாடற் பற்றீரியாவுக்குத் தொடர்ந்து விருந்திடுதலேயாகும். இவற்றிற்குப் பின் நெல், குரக்கன், சாமை, சோளம் போன்ற புல்லினப் பயிர்களைச் செய்க.

கடல் வேலியாகும் வகை

காற்றிற் பறக்கும் வித்திகளைக் கடல் தடுக்கமாட்டாது. ஆனால் மண்ணில் வாழும் கிருமிகள் தாமாகக் கடலைக் கடப்பதில்லை. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் அவை படகேறியே வரவேண்டும். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் பாலங்களின் வழியே வாகனமேறி வரவேண்டும். வேரில் மண்ணொட்டிய நாற்றுக்கட்டு, நோயுற்ற வெங்காய வித்து, கழுவாத மண்வெட்டி, உக்காத எரு என்பனவே அவற்றின் வாகனங்கள். வாடற் பற்றீரியாவோ கழுத்தழுகல் உருண்டையோ ஒருமுறை தோட்டத்தில் ஊன்றிவிட்டால், பாறைக்கு மேலுள்ள ஒரு முழ மண்ணை ஆழப் புரட்டிப் புதைக்கவும் வழியில்லை. வெளியூரில் நாற்று வாங்குவதைவிட நல்ல வித்தை வாங்கிச் சொந்த மேடையில் நாற்று வளர்ப்பதே தீவகத்தார்க்கு ஏற்றது.

வருமுன் காத்தல்

1. நெல்வித்தை உப்புநீரில் இட்டுத் தெரிக. கோழிமுட்டை மிதக்குமளவு உப்புக் கரைத்த நீரில் மிதக்கும் வித்துகளை நீக்கி, அமிழ்ந்தவற்றை நன்னீரில் நன்கு கழுவி விதைக்க.

2. கபிலப்புள்ளி கண்ட வயலின் நெல்லையே வித்தாகக் கொள்ள நேரின், 53 முதல் 54 பாகை சதம வெப்பமுள்ள நீரில் 10 முதல் 12 நிமிடம் வைத்து எடுக்க. வெப்பமானியின்றி இதைச் செய்யலாகாது. வெப்பம் மிகுந்தால் வித்து முளையாது.

3. செடிகளுக்கிடையே காற்றும் வெயிலும் புக இடைவெளி விடுக. மாலையில் இலை நனைய நீர் தெளிப்பதைத் தவிர்க்க.

4. நோயுற்ற செடிகளையும் உதிர்ந்த பழங்களையும் எருக்குழியில் இடாது எரித்துவிடுக.

5. நோயுள்ள பாத்தியில் வேலை செய்த கருவிகளையும் கால்களையும் கழுவிய பின்னரே மற்றைய பாத்திக்குச் செல்க.

6. திரைக்கோதேர்மா என்னும் நன்மை செய்யும் பங்கசு, மண்ணிலுள்ள தீய பங்கசுக்களை ஒடுக்கவல்லது. அதனை உக்கிய எருவோடு கலந்து இடலாம். அவ்வாறு இடும்போது மண்ணிற் பங்கசுகொல்லியை ஊற்றலாகாது.

மருந்து தெளிக்க வேண்டிய வேளை

பிரான்சு தேசத்துப் போர்டோவில், திருடரை அஞ்சி வீதியோர முந்திரிகைக் கொடிகளிற் செம்புச் சல்பேற்றும் சுண்ணாம்பும் பூசப்பட்டிருந்தன. அக்கொடிகள் நோயின்றி இருந்ததை மில்லாடே என்னும் அறிஞர் கண்டு ஆராய்ந்து, 1885ஆம் ஆண்டிற் போர்டோக் கலவையை உலகிற்கு அறிவித்தார். அக்கலவை நோய் புகுமுன் இலையைக் காக்குமேயன்றிப் புகுந்த நோயைத் தீர்க்காது. இன்றும் பல பங்கசுகொல்லிகளின் இயல்பு இதுவே. ஆகவே பங்கசு நோய் என்று தெளிந்த பின்னர், அதன் தொடக்கத்திலேயே, பொதியிற் குறித்த அளவில் மட்டும் தெளிக்க. அளவைக் கூட்டுதலால் நோய் விரைவில் நீங்காது. தெளித்த பின் அறுவடைக்குக் குறித்த நாள்களைக் கடைப்பிடிக்க. தெளிகருவியைக் கிணற்றடியிற் கழுவலாகாது.

ஐயமுள்ளபோது, நோயும் பச்சையும் சேர்ந்த செடி ஒன்றை வேரோடு எடுத்துத் தாளிற் சுற்றிப் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக. முற்றாக இறந்த செடியிலிருந்து காரணத்தை அறிதல் அரிது. 1920 என்னும் விவசாயத் திணைக்களத் தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். நோய் எந்த நாளிற் கண்டது, எந்த மூலையில் தொடங்கியது, வித்து எங்கிருந்து வந்தது என்னும் மூன்றையும் குறித்து வைத்திருந்தால், காரணத்தைக் காணுதல் எளிதாகும்.